ஒருத்திக்கு மூன்று திதி

1

இந்த நாட்டில் விண்ணப்பம் இல்லாமல் கிடைக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறு, மணிக்கூட்டு முள்ளைப் பின்னே தள்ளி, சுவிஸ் அரசாங்கம் எல்லோருக்கும் ஒரு மணித்தியாலத்தை இலவசமாகக் கொடுக்கிறது. பிரசைக்கும் ஒன்று, அகதி அட்டைக்காரனுக்கும் ஒன்று. மூன்று பிரதிகள் கேட்பதில்லை, வதிவிடச் சான்று கேட்பதில்லை. மார்ச்சில் அதே மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நினைவூட்டல் கடிதமும் வராது. இந்த நாட்டுப் படிவங்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்கான கொடுக்கல் வாங்கலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தால் என் மனைவிக்கு வருடத்தில் இரண்டு திதி வந்தது. இந்த வருடம் மூன்றாகிவிட்டது.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவன். எண்பதுகளில் ஷாஃப்ஹவுசனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஓய்வு வயதுவரை வேலை செய்தேன். பகலில் படுக்கை விரிப்புகள், பின்னேரத்தில் ஊராருடைய வதிவிட அனுமதிகள், வரிப் படிவங்கள், குடியுரிமை விண்ணப்பங்கள். இங்குள்ள தமிழருக்கு நான் 'கிளாக்கர் அண்ணை'. மனைவி சரோ 2013இல் போய்விட்டாள். ஒரே மகன் பிரணவன் இங்கேயே பிறந்தவன். ஆரா நகரில் பள்ளி ஆசிரியன். லேயா என்ற சுவிஸ் பெண்ணோடு அங்கே குடியிருக்கிறான்.

ஓகஸ்டில் அவன் தொலைபேசி எடுத்தான்.

"அப்பா, அம்மான்ர திதி இந்த வருஷம் எப்ப?"

"புதன்கிழமை. நேரம் மாத்தி மூண்டாம் நாள்."

"புதன் எனக்கு முழு நாளும் வகுப்பு."

"லீவுக் கடிதம் நான் எழுதித் தாறன். போன வருஷக் கடிதம் இருக்கு, திகதியை மட்டும் மாத்தினாக் காணும்."

"வேண்டாம் அப்பா. இனி வேண்டாம். நானும் லேயாவும் கதைச்சு ஒரு முடிவெடுத்திட்டம். இனி ஒவ்வொரு வருஷமும் நேரம் மாத்துற ஞாயிறிலதான் அம்மாவுக்குச் செய்யிறது. எல்லாருக்கும் லீவு. ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

"அது நாளில்லை, பிரணவன்."

"எனக்கு அதுதான் நாள். நீங்கள் ஞாயிறு இங்க வாங்கோ. புதன் நான் வரமாட்டன். கோவிக்காதேங்கோ."

கோபிக்கவில்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறிவிடும். ஞாயிறு போனால், பிழையான நாளுக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். போகாவிட்டால், அவளுடைய பெயரால் அவனும் நானும் சேர்ந்து உட்காரும் ஒரே நாள் இல்லாமல் போய்விடும். இரண்டு மாதம் இதையே தூக்கித் திரிந்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கூத்து விளங்காது. உங்களுக்கு மணிக்கூடு என்றால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். எங்களுக்கு அது வருடத்தில் இரண்டு தரம் இடம் மாறும். கோடையில் யாழ்ப்பாணம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால் போகும், குளிர்காலத்தில் நாலரை. அந்த அரை மணியை நம்பவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அகதி விசாரணையில் அதிகாரி, "அரை மணித்தியால வித்தியாசத்தோடு ஒரு நாடா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் கதை முழுவதிலும் அவர் சந்தேகப்பட்டது அந்த ஒரு உண்மையைத்தான்.

போதாததற்கு, 1996இல் இலங்கையும் மணிக்கூட்டில் கை வைத்தது. முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், பிறகு அரை மணி பின்னே இழுத்தார்கள். போராளிகளின் கையில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. கோயில்களிலும் பூசை பழைய நேரத்துக்குத்தான். பத்து வருடம் ஒரே சின்னத் தீவில் இரண்டு நேரம். அந்த நாட்களில் சரோ தன் தமக்கையோடு கதைக்கத் தொடங்கினால் முதற்கேள்வி, "அக்கா, நீங்கள் சொல்லுறது புது நேரமோ பழைய நேரமோ?" என்பதுதான். சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

சுவிஸ்காரரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். என் கீழ்வீட்டுக் கிழவி, ஃபிரவு மைஸ்டர், இளம் வயதில் எல்லைக்கு அப்பால் ஜேர்மன் பக்கத்துக் கடையொன்றில் வேலை செய்தவர். கோடை நேரம் வேண்டாம் என்று சுவிஸ் மக்கள் வாக்களித்துவிட்டார்களாம். 1980 கோடையில் சுற்றியிருந்த நாடுகள் எல்லாம் முள்ளை முன்னே தள்ள, இந்த நாடு மட்டும் தனித்து நின்றதாம்.

"காலையில் எல்லைப் பாலத்தைக் கடந்தால் ஒரு மணித்தியாலம் பிந்திவிடுவேன். மாலையில் திரும்பினால் வேலை முடிவதற்கு முன்பே வீட்டில் இருப்பேன்" என்று சிரிப்பார். "அடுத்த வருடம் அரசாங்கம் புதிய சட்டம் போட்டு எங்களையும் மாற்றிவிட்டது."

மக்கள் வேண்டாம் என்றார்கள், மணிக்கூடு ஓம் என்றது. நேரடி மக்களாட்சி என்று பிரசைப் பரீட்சைக்கு நான் எத்தனையோ பேருக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். இந்தப் பக்கம் பாடப் புத்தகத்தில் இல்லை. இப்போது ஐரோப்பா முழுவதும் இந்த மாற்றத்தையே நிறுத்தப்போவதாகச் சில வருடங்களுக்கு முன் முடிவெடுத்தார்கள். முடிவு எடுத்த இடத்திலேயே இருக்கிறது.

3

சரோ இறந்தது, நேரம் மாறிய ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய், பின்னேரம் நாலரை மணிக்கு. பிரணவனும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் அவளுடைய தமக்கை இருக்கிறா. சரோ கூப்பிட்டபடியே நானும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரணவன்தான் அங்கே செய்தி சொன்னான். பெரியக்காவின் மகன் சுதன், "எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருக்கிறான். "நாலரை" என்று இவன் சொல்லியிருக்கிறான். சுதன் கெட்டிக்காரப் பிள்ளை. கோடை முழுவதும் எங்களோடு கதைத்துப் பழகியவன். நாலரையோடு மூன்றரையைக் கூட்டி, இரவு எட்டு மணி என்று எழுதி ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். இரண்டு நாளுக்கு முன் இங்கே முள் பின்னே போனது அவனுக்கு எப்படித் தெரியும்? உண்மையில் அங்கே ஒன்பது மணி.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் தசமி முடிந்து ஏகாதசி பிறந்துவிட்டது.

ஊர் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஐப்பசி அபரபக்கத் தசமி என்று திதி வைத்தார். இங்கே எங்கள் கோயில் ஐயர் கணித்து ஏகாதசி என்றார். எனக்கு ஐந்து நிமிடத்தில் பிழை பிடிபட்டது. உடனே பெரியக்காவுக்கு எடுத்தேன். சாவீட்டில் ஆறுதல் சொல்ல வேண்டிய மனிதன், பிழை திருத்தப் போனேன்.

"பெரியக்கா, சரோன்ர திதி தசமி இல்லை, ஏகாதசி. சுதன் நேரத்தைப் பிழையா மாத்திப்போட்டான்."

"அப்பிடியோ? ஐயர் பாத்தெல்லோ சொன்னவர்."

"ஐயர் பாத்தது சரி. குடுத்த நேரம் பிழை. இங்க ஞாயிறு சொம்மர்சைற் முடிஞ்சது."

"என்ன முடிஞ்சது?"

விளக்கினேன். கோடை நேரம், குளிர் நேரம், முள், மூன்றரை, நாலரை.

"தம்பி, நான் சங்கற்பம் பண்ணிட்டன். சொன்ன திதியை மாத்தினா அவள் அலைவாள்."

"பிழையான நாளில குடுத்தா அவளுக்குப் போய்ச் சேராது, பெரியக்கா."

"அவள் உங்கட மனிசி ஆகிறதுக்கு முந்தி எனக்குத் தங்கச்சி. நான் கூப்பிட்டா எந்த நாளும் வருவாள்."

தொலைபேசியை வைத்துவிட்டா. அன்றிலிருந்து ஊரில் தசமி, இங்கே ஏகாதசி. ஒவ்வொரு வருடமும் பெரியக்கா செய்து முடித்த மறுநாள் நான் செய்வேன். ஏகாதசியில் உயிர் போவது பெரும் பேறு என்பார்கள். அந்தப் பேற்றைத் தங்கைக்குக் கொடுக்க அவவுக்கும் விருப்பம் இருந்திருக்கும். கொடுத்தால் என்னுடைய கணக்கு சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

4

பிரணவனைக் குறை சொல்ல முடியாது. பல வருடம் வந்தான். ஒவ்வொரு ஓகஸ்டிலும் திகதி கேட்பான். நான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வேன். பிறகு அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு நல்ல ஜேர்மன் மொழியில் விடுமுறை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். இங்கே நெருங்கிய உறவினர் இறந்தால் விடுமுறைக்கு விதி உண்டு. கலியாணத்துக்கு உண்டு, வீடு மாறுவதற்கும் உண்டு. இறந்தவர் வருடாவருடம் வேறு வேறு நாளில் திரும்ப வருவதற்கு விதி இல்லை. 'ஏனைய காரணங்கள்' என்ற பெட்டிக்குள் அவனுடைய தாயை நான்தான் அடக்கினேன்.

ஒருமுறை அதிபர் அவனைக் கூப்பிட்டு, "போன வருடம் நவம்பரில் கேட்டீர்கள், இந்த வருடம் ஒக்ரோபரில் கேட்கிறீர்கள். உங்கள் தாயார் இறந்த திகதி எது?" என்று கேட்டிருக்கிறார். அவன் என்னிடம் வந்தான். நான் திருப்பி அனுப்பினேன், இரண்டு பக்க விளக்கத்தோடு. சந்திர நாள், சூரிய மாதம், இடத்துக்கு இடம் மாறும் பொழுது, எல்லாம் விபரமாக. அதிபர் அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். மரியாதையாகத்தான் வாசித்தார் என்று பிரணவன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒரு சமாதானத்துக்கு வந்தான்.

"அப்பா, ஒக்ரோபர் இருபத்தொன்பதையே வைச்சுக்கொள்ளுவமே. சேர்ட்டிபிக்கற்றில இருக்கிற திகதி."

"திகதி அரசாங்கத்துக்கு. திதி ஆத்மாவுக்கு."

"ரெண்டும் ஒரே நாளில வராதோ?"

"வரும். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருக்கால்."

"அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான். "அதுவரைக்கும் இருந்து எனக்கு லீவுக் கடிதம் எழுதுங்கோ."

அப்போது அதைப் பகிடி என்று நினைத்தேன்.

5

கடைசியில் ஞாயிறு போனேன். போவதா விடுவதா என்ற விவாதத்தில் எந்தப் பக்கமும் வெல்லவில்லை. காலையில் எழுந்தபோது அந்த இலவச மணித்தியாலம் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். சூரிச்சில் ரயில் மாறி, மத்தியானத்துக்கு ஆராவில் இறங்கினேன். பையில் எள்ளு, சந்தனம், தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலை. நாள் பிழை என்றாலும் பொருள் சரியாக இருக்கட்டும் என்று கொண்டுபோனேன்.

மாடிப்படியிலேயே மணம் வந்தது. முதலில் அயல்வீடு என்று நினைத்தேன். அந்தக் கட்டடத்தில் அவர்களைத் தவிர வேறு தமிழர் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லேயா கதவைத் திறந்து, "வாங்கோ மாமா" என்றாள். இந்த இரண்டு சொல்லையும் அவள் என்னைவிடத் திருத்தமாகச் சொல்வாள். குசினியில் பிரணவன் ஏப்ரனோடு நின்று அகப்பையில் எதையோ ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"பாரைமீன் குழம்பு."

"திதிச் சமையலில மீனோ?"

அவன் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள், இண்டைக்குத் திதி இல்லையெண்டு. திதியில்லாட்டி மீனுக்கு என்ன தடை?"

கச்சேரியில் என் மேலதிகாரிகள் ஒருவராலும் இப்படி ஒரு பதில் எழுத முடிந்திருக்காது. நான் கதிரையில் உட்கார்ந்தேன். லேயா பையிலிருந்து வாழையிலையை எடுத்துக் கழுவி, மேசையின் தலைமாட்டில் விரித்தாள். நுனி எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள். இடப் பக்கம் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட விதி.

பிரணவன் இலையில் சோறு வைத்து, குழம்பை ஊற்றினான். ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியாது. கடைசி மாதம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு அம்மாவுக்கு உள்ள இறங்கேல்லை. என்னட்டை மீன்குழம்பு கேட்டவ. நான் வைச்சு பிளாஸ்க்கில கொண்டுபோறனான்."

"எப்ப? நான் ஒரு நாளும் காணேல்லையே."

"மத்தியானம். நீங்கள் ரெண்டு மணிக்கெல்லோ வருவியள்."

பார்வையாளர் நேரம் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். அறிவித்தல் கதவில் ஒட்டியிருந்தது. அந்த மாதம் முழுவதும் இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்து, வெளியே வாங்கில் உட்கார்ந்து, இரண்டு அடித்தபிறகு உள்ளே போனவன் நான்.

"நேர்ஸ்மார் விட்டவையோ?"

"கேட்டாத்தானே விடாமல் இருக்க. நான் கேக்கேல்லை. சும்மா போனனான்." அகப்பையைச் சட்டிக்குள் வைத்தான். "கடைசி நாளும் ரெண்டு கரண்டி குடிச்சவ. 'கிளாக்கருக்குச் சொல்லிப்போடாதை, செவ்வாய்க்கிழமையெண்டு துள்ளுவார்' எண்டவ. சொல்லிச் சிரிச்சவ."

அவளுடைய குரல் அப்படியே அந்தக் குசினிக்குள் வந்தது. துள்ளுவார். துள்ளித்தான் இருப்பேன். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மீன் கிடையாது.

நான் மனதுக்குள் அவளுக்காக வழக்குப் பேசத் தொடங்கினேன். மத்தியானம் தசமிதான், ஏகாதசி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே ஏகாதசியில் மீன் சாப்பிட்டாள் என்ற குற்றம் நிற்காது. நோயாளிக்கு விரத விலக்கு உண்டு. செவ்வாய்க்கிழமைக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அதற்கு ஒரு விதிவிலக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, பிரணவன் என் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டு, "சாப்பிடுங்கோ அப்பா" என்றான்.

சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சரோ அப்படித்தான் வைப்பாள். லேயா முள்ளெடுக்கப் பழகியிருந்தாள். இரண்டாந்தரம் நானாகக் கேட்டு வாங்கினேன். இத்தனை வருடமும் அவளுடைய இலையில் நான் வைத்துவந்தது பயற்றங்காய். அவள் உயிரோடு இருந்தபோது அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவாள் என்பது, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

புறப்படும்போது லேயா மிச்சக் குழம்பை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தாள்.

"புதன் உண்மையிலேயே வரமாட்டியோ?" என்று பிரணவனைக் கேட்டேன்.

"வரமாட்டன் அப்பா." பிறகு, "அடுத்த வருஷம் ஞாயிறு நீங்கள் வருவியளோ?" என்றான்.

"அப்பவும் முள்ளு உள்ள மீனா வாங்கு" என்றேன். அதற்குமேல் எழுத்தில் கொடுக்க எனக்கு வரவில்லை.

6

புதன் ஏகாதசி. குளித்து, சமைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பிள்ளை இல்லாத இடத்தில் கணவன் செய்யலாம், விதியில் இடம் உண்டு. வாழைக்காய், பூசணி, பருப்பு, பயற்றங்காய். பயற்றங்காயைக் கொஞ்சமாக வைத்தேன். ஃபிரவு மைஸ்டரைச் சாப்பிடக் கூப்பிட்டேன், மூட்டுவலி என்று வரவில்லை. ஒரு இலைக்கும் ஒரு கோப்பைக்கும் முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது பெரியக்கா தொலைபேசி எடுத்தா.

"தம்பி, நான் நேற்றே முடிச்சிட்டன். பதினைஞ்சு பேருக்குச் சாப்பாடு. அங்க இண்டைக்கு ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை, பெரியக்கா."

"பிள்ளையும் வரேல்லையோ?"

"அவன் ஞாயிறே செய்திட்டான். நான் போனனான்."

"ஞாயிறோ? ஞாயிறு என்ன திதி?"

அட்டமி. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியாது, பெரியக்கா" என்றேன்.

இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவ கேட்டதில்லை. "சாப்பிட்டிட்டுப் படுங்கோ தம்பி" என்று வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டா.

குளிரூட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் லேயா தந்த டப்பா இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்து அவளுடைய இலையில் வைக்க இரண்டு அடி போதும். யாரும் பார்க்கப்போவதில்லை. அவளுக்கு எது பிடிக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். இருந்தும் கை போகவில்லை. அன்றைக்குத் திதி. கதவைச் சாத்திவிட்டு, இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, பயற்றங்காயை நானே சாப்பிட்டு முடித்தேன்.

வியாழன் யாருடைய நாளும் அல்ல. மத்தியானம் குழம்பைச் சூடாக்கி, சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். மீன் நன்றாக ஊறியிருந்தது.